சீதா எலியவில் ஒரு நாள் நடை: கொம்போணானும் கண்ணில் படாத தேவாங்கும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில், சீதா எலிய அம்மன் கோயில் வாசலில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கி, இரவு எட்டரை மணியளவில் அதே வாசலில் நிறைவுறும் ஒரு வழிகாட்டி நடையைப் பற்றிய மதிப்புரை இது. நடத்துபவர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். அவரிடம் பெயர்ப்பலகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. தன் பெயரை எழுத வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. கோயிலுக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் விசாரித்தால் தொலைபேசி இலக்கத்தைத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேற்படாமல் அழைத்துச் செல்கிறார். பெரியவர்களுக்கு 4,000 ரூபா, பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1,500 ரூபா. மதிய உணவு இதற்குள் அடங்கும், ஹக்கல தாவரவியல் பூங்காவின் நுழைவுச்சீட்டு அடங்காது. ஒக்டோபர் மாதத்தில் நானும், ஏழாந்தரத்தில் படிக்கும் என் மகளும், நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்து, ஓய்வுபெற்ற என் அப்பாவும் இந்த நடைக்குச் சென்றுவந்தோம்.

அதற்கு முந்திய ஆண்டு நடந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும், ஏனெனில் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த நடையை நான் எடைபோட்டேன். வேறொரு பயண முகவரிடம் பணம் கட்டி, வேன் ஒன்றில் எட்டுப் பேராக மலைக்காட்டைப் பார்க்கப் போயிருந்தோம். எங்களோடு வந்த வழிகாட்டி வழியோரச் செடியிலிருந்த கொம்போணான் (மூக்கில் கொம்புள்ள ஓணான்) ஒன்றை இரண்டு விரல்களால் பற்றி எடுத்து, என் மகளின் உள்ளங்கையில் வைத்தார். அது எட்டுப் பேரின் கைகளுக்கும் மாறியது; ஒவ்வொரு கையிலும் ஃபிளாஷ் வெளிச்சத்தோடு படம் எடுக்கப்பட்டது. கடைசியில் வேன் நின்ற இடத்திலிருந்த ஏதோ ஒரு மரத்தில் அதை ஒட்டிவைத்துவிட்டு நாங்கள் புறப்பட்டோம். மகளுக்கு அன்று பெரிய சந்தோஷம். இரவு வீட்டில் படுக்கப் போகும்போதுதான், “அது ஏன் அப்பா கொஞ்சங்கூட அசையவில்லை?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த ஆண்டு அந்தப் பதில் கிடைத்தது. புறப்படும் முன்பே வழிகாட்டி மூன்று நிபந்தனைகளைச் சொன்னார்: எதையும் தொடக்கூடாது, எதற்கும் தின்னக் கொடுக்கக்கூடாது, ஃபிளாஷ் போடக்கூடாது. அதன்பின் ஹக்கலப் பூங்காவின் மேற்புறத்துப் பாசி படர்ந்த மரங்களுக்கிடையே ஏறக்குறைய நாற்பது நிமிடம் மிக மெதுவாக நடத்திச் சென்று, ஒரு மரத்தண்டுக்கு ஆறடி தள்ளி எங்களை நிறுத்தினார். நான் பார்த்தது பாசியை மட்டுமே. மகள் பார்த்தது ஒரு சுள்ளியை. அப்பாதான், “அந்தா, வெள்ளையா மூக்கு” என்றார். மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு முன்னோக்கி நீட்டி நிற்க, மரத்தோடு மரமாக ஆண் கொம்போணான் ஒன்று இருந்தது. கொம்பு என்கிறோமே தவிர அதில் எலும்பு கிடையாது. மூக்கு நுனியிலுள்ள ஒற்றைச் செதில் நீண்டு வளர்ந்ததுதான் அது என்றும், பெண்களுக்கு அது சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும் என்றும் வழிகாட்டி விளக்கினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பதினைந்து நிமிடத்தில் அது செய்த ஒரே காரியம், வலப்பக்கக் கண்ணை மட்டும் எங்களை நோக்கிச் சுழற்றி, மறுபடி திருப்பிக்கொண்டதுதான். வேகமாக ஓடிப் பிழைக்கும் பிராணி அல்ல இது. அசையாமல் இருந்து, மரமென்று எதிரியை நம்பவைப்பதுதான் அதற்குள்ள காவல். போன ஆண்டு எட்டுப் பேர் கையிலும் அது விறைத்துக் கிடந்ததன் காரணம் பழக்கம் அல்ல, பயம் என்பதை மகள் தானாகவே புரிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொம்போணான் வகைகள் உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. நாங்கள் பார்த்தது மத்திய மலைநாட்டுக்குரியது. இலை போன்ற மூக்குடைய வேறொன்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழ்கிறது. சிங்கராஜக் காட்டின் கிழக்கு எல்லைப் பக்கத்திலிருந்து இரண்டு இனங்கள் 1998-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயின. செல்லப்பிராணிச் சந்தைக்காக இவற்றைக் கடத்துவது பெருகியதனாலேயே, 2019-இல் இவை சைட்டீஸ் என்னும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. வழிகாட்டி இத்தனையையும் மனப்பாடமாக ஒப்புவிக்கவில்லை. மகள் கேட்கக் கேட்க, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவர் தானாக முன்வந்து சொன்னது ஒன்றே ஒன்று: வருகிறவர்கள் வீசியெறியும் சோற்றுப் பொட்டலமும் பாண் துண்டும் காகங்களை மேல்மலைக்கு அழைத்து வருகின்றன, வந்த காகம் சோற்றோடு நிற்பதில்லை, ஓணானையும் கொத்திக்கொண்டு போகிறது. அதைச் சொல்லிக்கொண்டே, வழியில் கிடந்த பிஸ்கட் உறையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்பா அந்த மரத்தடியைவிட்டு நகர விரும்பவில்லை. கவ்வாத்துக் காலத்தில் காட்டோர மலைகளில் இதைப் பலமுறை கண்டிருப்பதாகவும், கத்தி படாமல் தூக்கி அப்பால் விட்டதாகவும், ஆனால் இது நம் நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லையென்று இந்த வயதில்தான் கேள்விப்படுவதாகவும் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்காகவும் இந்த மலைகளின் காடு வெட்டப்பட்டபோது, கோடரி பிடித்த கைகளில் பல, மலையகத் தமிழரான நம்முடைய மூதாதையரின் கைகள். வெட்டச் சொன்னவர்கள் வேறு, வெட்டியவர்கள் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் காட்டின் மிச்சத்துக்கு அருகில் இன்றும் குடியிருப்பவர்கள் நாம். அதில் என்ன வாழ்கிறது என்று நம் மொழியில் நமக்குச் சொல்ல இவ்வளவு காலம் ஒருவரும் வரவில்லை. இந்த நடையை நான் உயர்வாக மதிப்பிடுவதற்கு இதுவே முதற் காரணம். இதற்கு முன் நான் சென்ற நடைகள் ஆங்கிலத்தில், சில வேளை சிங்களத்தில் நடந்தன; அப்பா அங்கே பின்னால் நடந்துவரும் ஒரு முதியவராக மட்டுமே இருந்தார். இங்கே அவர் பேசினார், அவர் சொன்னதை வழிகாட்டி கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கரடிக் குரங்குகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பூங்காவின் உயர்ந்த மரங்களில் அவை எளிதாகவே காணக் கிடைக்கின்றன. ஊதாமுக மந்தியின் மலைநாட்டு உள்ளினமான இவற்றுக்குக் குளிருக்கேற்ற அடர்ந்த மயிர் இருப்பதனாலேயே அந்தப் பெயர் வந்தது. கோயிலுக்கு வருபவர்கள் அனுமனின் படை என்று கும்பிட்டு வாழைப்பழம் நீட்டுகிறார்கள். இலை தின்பதற்கென்றே அமைந்த வயிற்றுக்குப் பழமும் பாணும் ஆகாது என்பதை வழிகாட்டி ஓர் அம்மாவிடம் பணிவாக எடுத்துச் சொன்ன விதம் நன்றாக இருந்தது: “அம்மா, நேர்த்தி வைத்திருந்தால் கோயிலில் கொடுத்துவிடுங்கள், இவங்களுக்குச் சாப்பாடு மரத்திலேயே இருக்கு.”

மதிய உணவு வழிகாட்டியின் வீட்டில். ரொட்டி, கட்டைச் சம்பல், பருப்பு, லீக்ஸ் சுண்டல், இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ. லயத்தின் முன்வாசலில் விறகுக்கான மிலாறுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். உணவு முடிந்தபின் அவர் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து, கையால் வெட்டி ஒட்டிய முப்பது நாற்பது பட அட்டைகளை எடுத்தார். உலகின் பல மூலைகளிலுள்ள அரிய பிராணிகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்த இந்தப் பகுதிதான் அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து.

அவர் அட்டைகளை நாடுவாரியாகக் காட்டுவதில்லை. எங்கள் மலையிலுள்ள ஒன்றை வைத்து, அதற்கு உறவான துன்பத்தை வேறொரு நாட்டில் தேடிக் காட்டுகிறார். முதலில் தேவாங்கு. அதன் அருகில் மடகஸ்காரின் அய்-அய் என்ற விலங்கை வைத்தார். இரண்டும் இரவில் வாழ்பவை, பெரிய கண்ணுடையவை, குரங்கினத்துக்குத் தூரத்து உறவினர். அய்-அய்யின் நடுவிரல் ஈர்க்குச்சியைப் போல் மெலிந்தது. அந்த விரலால் மரத்தைத் தட்டி, உள்ளே புழு குடைந்த வெற்றிடம் இருக்கிறதா என்று காதால் அறிந்து, வாழ்நாள் முழுவதும் வளரும் முன்பற்களால் மரத்தைக் கொறித்துத் துளையிட்டு, அதே விரலை விட்டுப் புழுவை இழுத்து எடுக்கும். மரங்கொத்தி செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. ஆனால் அதைக் கண்டால் சாவு வரும் என்ற நம்பிக்கையினால், கண்ட இடத்தில் அடித்துக் கொல்லும் வழக்கம் மடகஸ்காரின் பல கிராமங்களில் இருந்துவந்திருக்கிறது. நம் ஊரிலோ, மெலிந்த பிள்ளையைத் “தேவாங்கு மாதிரி இருக்கிறான்” என்று ஏசுகிறோம். தேவாங்கின் கண்ணை மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் எடுத்தவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைகள் இருந்த தமிழ்நாட்டிலேயே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேயர் பரப்பைத் தேவாங்குக்கென்று 2022-இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்தது. அவருடைய பாட்டனார் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்.

அடுத்து நியூசிலாந்தின் ககாப்போ: பறக்க முடியாத, இரவில் உலவும், பச்சை நிறக் கிளி. 1995-இல் உலகில் 51 பறவைகளே எஞ்சியிருந்தன. பூனை முதலிய வேட்டைப் பிராணிகள் இல்லாத தீவுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய், ஒவ்வொரு கூட்டையும் காவல் காத்து, எண்ணிக்கையை 200-க்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பெயர் உண்டு என்றதும், மகள் தன் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தொகையைக் கணக்குப் பார்த்து, “எங்கள் வகுப்பும் பக்கத்து வகுப்பும் சேர்ந்தால் 51-ஐவிடக் கூட” என்றாள்.

மூன்றாவது அட்டை சவோலா. வியட்நாமுக்கும் லாவோசுக்கும் இடைப்பட்ட அன்னமைட் மலைக்காட்டில் வாழும், நீண்ட இணைக்கொம்புடைய, மாட்டினத்தைச் சேர்ந்த பிராணி. 1992-இல் வேட்டைக்காரர் வீடுகளில் கிடந்த கொம்புகளைக் கண்டுதான் இப்படியொன்று இருப்பதையே அறிவியல் உலகம் அறிந்தது. கடைசியாக 2013-இல் தானியங்கிக் கமராவொன்றில் பதிவாகியது. அதை வேட்டையாடவென்று எவரும் அலைவதில்லை. பன்றிக்கும் மானுக்கும் வைக்கும் கம்பிச் சுருக்குகளில் அது மாட்டிச் சாகிறது. இதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி டின்னின் அடியிலிருந்து மூன்று அடி நீளக் கிளட்ச் கம்பியொன்றை எடுத்துப் பாயில் வைத்தார். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில், மரக்கறித் தோட்டத்தருகே வைத்த சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்துபோனதை மலைநாட்டில் அறியாதவர் இல்லை. அதுவும் பன்றிக்கு வைத்த சுருக்குத்தான்.

அப்பா அந்தக் கம்பியைக் கையில் எடுத்தார். எதுவும் பேசாமல், ஒரு நுனியை வளைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மறுநுனியை அதற்குள் கோத்து இழுத்தார். ஒரு நிமிடங்கூட ஆகவில்லை; இழுத்தால் இறுகி, விட்டால் தளராத சுருக்கு அவர் கையில் இருந்தது. “நாங்க பன்றிக்குத்தான் கட்டுனோம் தம்பி. மாட்டுனது என்னன்னு விடிஞ்சாத்தான் தெரியும்” என்றார். அப்பா சுருக்குக் கட்டியவர் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வழிகாட்டி அவரைக் குற்றஞ்சாட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “எந்தப் பாதையில் ஐயா கட்டுவீர்கள், ஓடைக்கு மேலேயா கீழேயா?” என்று கேட்டு, அப்பா சொன்ன இடங்களையெல்லாம் கொப்பியில் வரைந்துகொண்டார். இப்போதும் அதே தடங்களில்தான் கட்டுவார்கள் என்றும், கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதாகவும் சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் ஒரு சேவையில் இப்படியொரு அரைமணி நேரம் அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தவளைகளுக்கு அதுவே நல்ல நேரம் என்று ஓடையோரப் புதர்களைக் காட்டினார். நகத்தளவுப் புதர்த்தவளை ஒன்று இலையின் மேல் இருந்து ‘டிக், டிக்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இந்த இனத்தவை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. வாற்பேத்தை என்ற பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளையாக வெளியே வருகின்றன. இலங்கையில் இவற்றுள் பல இனங்கள் அழிந்துபோயின. 1853-க்குப் பின் எவரும் காணாததால் அழிந்ததாகக் கருதப்பட்ட நட்சத்திரப் புள்ளித் தவளையொன்று 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பகுதி சற்று அவசரமாக முடிந்தது. மழைக்கோட்டுக்குள் நின்றுகொண்டு விளக்கம் கேட்பது எளிதல்ல.

இரவு நடை ஆறரை மணிக்குத் தொடங்கியது. ஹக்கல மலைக்காடு பொதுமக்கள் நுழையக்கூடாத கடும் இயற்கை ஒதுக்ககம் என்பதால், வழிகாட்டி அதன் எல்லைக்கு வெளியே, தேயிலை மலைக்கும் காட்டுத் துண்டுக்கும் நடுவிலுள்ள பாதையில்தான் அழைத்துச் செல்கிறார். உள்ளே போனால் கட்டாயம் காட்டலாம் என்று ஆசைகாட்டும் வழிகாட்டிகளை நான் கண்டிருக்கிறேன். இவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டோர்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார், வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணைத் தாக்கும் என்பதால். நாங்கள் தேடியது சாதாரணத் தேவாங்கை அல்ல. குளிர்மலைக்கேற்பக் குட்டையான கைகால்களும் தடித்த மயிரும் கொண்ட, ஹோட்டன் சமவெளித் தேவாங்கு என்று அழைக்கப்படும் உள்ளினத்தை. 1937-க்குப் பிறகு நான்கு முறை மட்டுமே காணப்பட்டு, அழிந்துவிட்டதாகவே பலர் எண்ணியிருந்த இதன் முதலாவது புகைப்படங்கள் 2010-இல் உலகுக்கு வெளியிடப்பட்டன.

இரண்டு மணி நேரம் நடந்தோம். ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்று, சிவப்பு வெளிச்சத்தைக் கிளைகளில் மெதுவாக ஓட்டி, இரண்டு கண்கள் திருப்பி ஒளிர்கின்றனவா என்று பார்த்தோம். ஒரு தடவை மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அது இலையில் தங்கிய மழைத்துளி. தேவாங்கைக் காணவில்லை. கோயில் வாசலுக்குத் திரும்பியதும் வழிகாட்டி கொப்பியைத் திறந்து, திகதி, நேரம், மழை, நடந்த தூரம் ஆகியவற்றை எழுதி, கடைசிக் கட்டத்தில் பூச்சியம் இட்டார். முந்திய பக்கங்களை மகளுக்குக் காட்டினார்: பெரும்பாலும் பூச்சியங்கள், இடையில் எங்கோ ஓர் ஒன்று. காணாத இரவையும் எழுதிவைத்தால்தான் கண்ட இரவுக்குப் பொருள் உண்டு என்று அவர் சொன்னதை, மகள் மறுநாள் தன் பாடசாலைக் கொப்பியில் எழுதியிருக்கக் கண்டேன்.

குறைகளும் உண்டு. அட்டைக்கடிக்குப் போட்டுக்கொள்ளத் தரும் நீண்ட காலுறைகள் பெரியவர்களின் அளவில் மட்டுமே இருந்தன. மகளின் காலில் அது தொடைவரை ஏறித் தளர்ந்து விழுந்தது, மூன்று இடத்தில் அட்டை கடித்தது. இறப்பர் பூட்ஸும் எட்டாம், ஒன்பதாம் இலக்கத்தில் மட்டுமே இருந்ததால், அப்பா நாள் முழுவதும் தன் பழைய செருப்போடு ஈரப்புல்லில் நடக்கவேண்டியதாயிற்று. பட அட்டைகளில் எழுதப்பட்ட பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாயால் தமிழில் அவ்வளவு அழகாகச் சொல்பவர் அட்டையிலும் தமிழில் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஏற்றுக்கொண்டார். காலை ஆறரையிலிருந்து இரவு எட்டரை வரை என்பது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரவு நடையைத் தவிர்த்து, காலைப் பகுதிக்கும் மதியப் பகுதிக்கும் மட்டும் வருவது நல்லது. அதற்கு அவர் பாதிக் கட்டணமே வாங்குகிறார். கட்டாயம் சிறுத்தையைப் பார்க்கவேண்டும், தேவாங்கைப் படமெடுத்துப் பகிரவேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு இந்த நடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழை குறைந்த பெப்ரவரி மாதத்தில் வரும்படி வழிகாட்டி சொல்லியிருக்கிறார். அப்போது இரவில் உறைபனிக் குளிர் இருக்கும், தடித்த உடுப்பு வேண்டும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேருக்கு முன்பதிவு செய்துவிட்டேன். அப்பாவுக்கு ஆறாம் இலக்க பூட்ஸ், மகளுக்குச் சிறிய காலுறை என்று தொலைபேசியிலேயே சொல்லியிருக்கிறேன்.